தாய்மாமன் கொண்டுவந்த துணி

1

எங்கள் மகள் வள்ளிக்குப் போன மாதம் ஆண் குழந்தை பிறந்தது. பிரசவம் ஜொகூர் பாருவில். நானும் என் மனைவி அலமேலுவும் பத்து பாகாட்டிலிருந்து பஸ் பிடித்துப் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் பெயர் பதிய உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தேவகோட்டை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று கேட்டாள். இந்தியாவில் இருக்கிறதம்மா என்றேன். அப்படியானால் இங்கே எப்போது வந்தீர்கள் என்றாள். உன் அம்மா பிறப்பதற்கு முன்னால் என்று மலாயிலேயே சொன்னேன். சிரித்துவிட்டு முத்திரை குத்தினாள். இந்த நாட்டுக்கு வந்து ஐம்பது வருஷம் ஆகப் போகிறது. இன்னும் ஒவ்வொரு ஜன்னலிலும் தேவகோட்டைக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மேலே வார்டில் வள்ளி தூங்கிக்கொண்டிருந்தாள். அலமேலு மடியில் பேரன். அப்போதுதான் ஒரு நர்ஸ் வந்தாள். தமிழ்ப் பெண், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். கையில் ஒரு அட்டை.

"அங்கிள், பேபிக்கு ஜி சிக்ஸ் பிடி குறைச்சல் இருக்கு. தொப்புள்கொடி ரத்தத்துல பாத்துட்டோம். பயப்படாதீங்க லா, இங்க நெறைய பேருக்கு இருக்கு. வீட்டுல உபாட் கெகாட் இருந்தா தூக்கிப் போட்டுருங்க. அது வெச்ச துணிய பேபிக்குச் சுத்தக் கூடாது. எந்த கிளினிக் போனாலும் இந்தக் கார்ட காட்டுங்க. ஓகேவா?"

ஜி சிக்ஸ் பிடி என்பது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு பொருளாம். உபாட் கெகாட் என்றால் பாச்சை உருண்டை. துணிப் பெட்டியில் பூச்சி வராமல் இருக்க நாம் போட்டு வைப்போமே, அந்த வெள்ளை உருண்டை.

அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணை நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அவள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. ஒரு டாக்டர் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை, எங்கள் வீட்டையே புரட்டிப் போட்ட விஷயத்தை, கைக்குட்டையைக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டுப் போகிறாள். அலமேலுவைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை. குழந்தையின் காலைப் போர்வைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பாச்சை உருண்டை இருக்கும். பெரும்பாலானவர்களை அது ஒன்றும் செய்யாது. சில பேரின் ரத்தத்துக்கு மட்டும் அது ஆகாது. அந்தச் சில பேரில் என் மனைவி வழியும் ஒன்று.

2

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது பத்து பாகாட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில். கண்ணாடிச் சில்லு கழுவுவது, சாயம் கலக்குவது, டாக்டர் கத்தினால் ஓடுவது, இவைதான் என் உத்தியோகம். டாக்டர் தேவசகாயம் நாகர்கோயில் பக்கத்துக்காரர். ஒல்லி, மூக்கு நுனியில் கோபம். நோயாளிகள் அவருக்கு 'ரத்தக் கிறுக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவருடைய கிறுக்கு இதுதான். பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காண்பது சகஜம், தானாகப் போய்விடும். ஆனால் சில வீடுகளில் அது போவதில்லை. மஞ்சள் ஏறிக்கொண்டே போய்க் குழந்தை இறந்துவிடும். பெரும்பாலும் ஆண் குழந்தை. ஒரே வீட்டில் இரண்டு, மூன்று. தாயின் அக்கா தங்கை வீடுகளிலும் அதே கதை. அவர் ஒவ்வொரு தாயிடமும் முதலில் கேட்கும் கேள்வி, "கூடப் பிறந்த ஆம்பளைங்க உண்டா? எப்படி இருக்காங்க?" என்பதுதான். கல்யாணத் தரகு செய்கிறார் என்று எஸ்டேட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஆராய்ச்சி அறையின் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் குடும்பங்களை வரைவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர்களுக்கு உள்ளே கரி பூசிவிடுவார். பெருக்க வருகிற அம்மாள் தினமும் சண்டை போடுவாள். அவர் அந்தச் சதுரங்களுக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிடுவார்.

"இங்க பாரும் அருணாசலம். ரத்தத்துல ஏதோ ஒண்ணு குறையுது. அது பொம்பளைங்க வழியா வருது, ஆம்பளைங்கள அடிக்குது. தாய்க்கு ஒண்ணும் இல்ல, அவ பாட்டுக்கு நல்லா இருக்கா. ஆனா அவ அண்ணன் தம்பிகிட்டயும் அவ மகன்கிட்டயும் அது இருக்கு. குறையுறது என்னன்னுதான் பிடிபடல."

நான் தலையாட்டுவேன். எனக்குப் பாதிதான் புரியும். வேறு யாரோ வீட்டுச் சதுரங்கள்தானே என்று சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

3

ஜப்பான் சண்டை வருவதற்கு முந்தைய வருஷம் அலமேலு கப்பலில் வந்து சேர்ந்தாள். அவள் அண்ணன் கண்ணப்பன் ஏற்கெனவே பத்து பாகாட்டில்தான் இருந்தார். ஒரு தமிழ்த் துணிக்கடையில் விற்பனைக்காரர். எங்களுக்குள் மாப்பிள்ளை மச்சான் உறவையும் தாண்டி நல்ல சிநேகம். துணியைத் தொட்டுப் பார்த்தே எந்த ஊர் நெசவு என்று சொல்லிவிடுவார். துணியைப் பூச்சி தின்பதைப் போன்ற அவமானம் உலகத்தில் வேறில்லை என்பது அவர் கட்சி. கடையில் ஒவ்வொரு அடுக்கிலும் கைப்பிடி கைப்பிடியாகப் பாச்சை உருண்டை போட்டு வைப்பார். அவருடைய சட்டையே அந்த வாசனைதான் வீசும்.

ஜப்பான்காரன் வந்தான். கடை முதலாளி கடைசிக் கப்பலில் ஏறிப் போய்விட்டார். அடுக்கில் இருந்த துணியை எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யாரும் சீந்தாமல் மிஞ்சியது உருண்டை டப்பாக்கள்தான். மச்சான் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, தன்னுடைய பழைய மல் வேட்டிகள் இருந்த தகரப் பெட்டியில் கொட்டி மூடினார். இனிமேல் துணி கிடைக்காது, இருப்பதைக் கண்ணாகக் காப்பாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்னது சரியாகவும் போயிற்று. கொஞ்ச நாளில் எஸ்டேட் ஆட்கள் கோணிச் சாக்கைக் கிழித்து உடுத்த ஆரம்பித்தார்கள். எங்கள் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். காவல்காரன் நிற்கிற இடத்தில் குனிந்து கும்பிட வேண்டும். எந்த அளவு குனிவது என்று தெரியாமல் கன்னத்தில் வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

அந்த வருஷம் எங்கள் முதல் பையன் பிறந்தான்.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடுவதில்லை. தாய்மாமன் கட்டிப் பழகிய வேட்டியைக் கிழித்துத்தான் முதலில் சுற்ற வேண்டும். அது பூப்போல இருக்கும், உறுத்தாது. மாமன் மடியில் பிறந்ததாக அர்த்தம். மச்சான் பெட்டியைத் திறந்து இருப்பதிலேயே மிருதுவான வேட்டியை எடுத்துக் கொடுத்தார். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, காலையும் மாலையும் அந்தத் துணியிலேயே சுற்றிப் போட்டாள் அலமேலு. வீடு பூராவும் மரவள்ளிக் கிழங்கும் செம்பனை எண்ணெய் விளக்குப் புகையும் நாறிய காலம். அந்த உருண்டை வாசனை எங்களுக்குச் சண்டைக்கு முந்தைய நல்ல நாட்களின் வாசனையாக இருந்தது. நானே குழந்தையைத் தூக்கி மோந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு மூன்று நாளில் கண் மஞ்சளாயிற்று. பிறகு உள்ளங்கால் வரைக்கும். மூத்திரம் கறுத்துப் போயிற்று. பால் குடிக்கவில்லை. உடம்பை வில்லாக வளைத்துக் கத்தினான். மலேரியா வேலைக்காக டாக்டரை ஜப்பான்காரர்கள் குளுவாங் பக்கம் அனுப்பியிருந்தார்கள். அவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெயர் வைக்கிற நாளுக்குக்கூட அவன் இருக்கவில்லை.

இரண்டாவதும் பையன். இந்தத் தடவை டாக்டர் ஊரில் இருந்தார். தினமும் வந்து பார்த்தார். ஆனாலும் அதே மஞ்சள், அதே கறுத்த மூத்திரம். குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். ஊதாச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். என் பிள்ளையின் ரத்தத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். சிவப்பு அணுக்களின் ஓரத்தில் கடுகு ஒட்டினாற்போல் கறுத்த புள்ளிகள்.

"இது நோய்க்கிருமி இல்ல ஓய். சாயப் பட்டறையில, தார் வேலையில விஷம் ஏறினவன் ரத்தத்துல இந்தப் புள்ளி வரும்னு படிச்சிருக்கேன். உம்ம பிள்ளைக்குள்ள ஏதோ போயிருக்கு. என்ன கொடுத்தீங்க?"

"தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை டாக்டர்" என்றேன். அது உண்மை. மறுநாள் அவனும் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் ஆராய்ச்சி அறைக்குப் போனேன். தரையில் ஒரு புதுக் குடும்பம் வரைந்திருந்தது. ஒரு வட்டம், அதன் கீழே கரி பூசிய இரண்டு சதுரங்கள். வட்டம் அலமேலு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

4

தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை என்று நான் சொன்னது அலமேலு காதுக்கு எட்டியது. பாலில்தான் விஷம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். மூன்றாவது தடவை உண்டானபோது ஒவ்வொரு சாப்பாடாக நிறுத்தினாள். கீரையை நிறுத்தினாள், அவரையை நிறுத்தினாள், கருவாட்டை நிறுத்தினாள். அவித்த மரவள்ளியும் உப்பும் மட்டும் தின்று கன்ன எலும்பு துருத்திக்கொண்டு நின்றாள். நான் கெஞ்சினால், "எம் பால்ல என்ன இருக்குன்னு உங்க டாக்டர் சொல்லட்டும், அப்பறம் சாப்புடுறேன்" என்பாள். டாக்டருக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதற்கு நடுவில் மச்சானை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். விமானம் இறங்கத் தரை சமன் செய்கிற வேலை. காட்டுப் பக்கம் என்பதால் எல்லோருக்கும் மலேரியாவுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்களாம். வரிசையில் நின்று வாயைத் திறந்து காட்ட வேண்டும். கூட இருந்தவர்கள் எல்லாம் நன்றாக இருந்தார்கள். மச்சான் மட்டும் விழுந்துவிட்டார். மரக்கட்டை லாரியில் போட்டு ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்டுப் போனார்கள். உடம்பு வெளுத்து, கண் மஞ்சளித்து, அவர் போன மூத்திரம் கோப்பி நிறத்தில் இருந்தது.

டாக்டர் அவர் விரலைக் குத்திச் சாயம் போட்டுப் பார்த்தார். என்னைக் கூப்பிடவில்லை. நானாகவே போய்க் குனிந்து பார்த்தேன். அதே கடுகுப் புள்ளிகள்.

அவர் தரையில் குனிந்து, அலமேலு வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் போட்டார். கோடு கோணலாயிற்று. "மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே ரத்தம் ஓய். மாமனுக்கு மாத்திரை. அப்போ பிள்ளைங்களுக்கு என்ன?" என்றார். என்னிடம் கேட்பதுபோல் இல்லை. தன்னையே அடித்துக் கேட்பதுபோல் இருந்தது.

மச்சான் பிழைத்துக்கொண்டார். ரத்தம் கெட்டவன், வேலைக்கு ஆகமாட்டான் என்று டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஜப்பான் அதிகாரி அதை வாங்கி ஒரு உறுமல் உறுமிவிட்டு மச்சானின் பெயரை அடித்தான். அவருடன் மண் சுமந்து நன்றாக இருந்தவர்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினார்கள். எங்களுக்குத் தெரிந்து ஒருவரும் திரும்பவில்லை. இதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். பிள்ளைகளைக் கொண்டுபோன அதே ரத்தம் மாமனைக் காப்பாற்றியிருக்கிறது. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

5

மூன்றாவது பிரசவம் மழைக் காலத்தில். வாரக்கணக்கில் வெயில் இல்லை. பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, மலாய் மருத்துவச்சி வந்து அலமேலுவுடன் உள்ளே இருந்தாள். மருத்துவச்சி இருக்கும்போது டாக்டருக்கு வேலை இல்லை. ஆனாலும் அவர் காலையிலிருந்து எங்கள் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இந்தக் குழந்தைக்குள் எது போனாலும் என் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். தண்ணீரை முகர்ந்தார், எண்ணெயைத் தொட்டு நாக்கில் வைத்தார், பால் புகட்டும் பாலாடையை இரண்டாம் முறை வெந்நீரில் போடச் சொன்னார்.

மத்தியானம் மச்சான் வந்தார். சைக்கிளுக்கு டயர் இல்லாமல் ரப்பர் குழாயைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்த காலம். பின்னால் தகரப் பெட்டி கட்டியிருந்தது. முழுக்க நனைந்திருந்தார், பெட்டி நனையாமல் வாழை இலையால் மூடியிருந்தார். உள்ளே அலமேலு கத்துகிற சத்தம் கேட்டது. மச்சான் அவசர அவசரமாகப் பெட்டியைத் திறந்து ஒரு வேட்டியை எடுத்து உதறினார்.

டாக்டர் எழுந்துவிட்டார்.

"அது என்ன வாசனை?"

"பாச்சை உருண்டைங்க. நம்ம கடைச் சரக்கு" என்றார் மச்சான். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

டாக்டர் அந்த வேட்டியைப் பிடுங்கி முகத்தில் வைத்து மூச்சை இழுத்தார். வேட்டியை இறக்கியபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"மத்த ரெண்டு பிள்ளைக்கும் இதுதானா?"

"ஆமாங்க. தாய்மாமன் வேட்டிதான சுத்தணும்."

"வெளிய கொண்டு போ" என்று கத்தினார். "பெட்டியோட கொண்டு போ. இது தார்லருந்து எடுக்கிற சாமான்யா! எண்ணெய் தேச்ச உடம்புல இதச் சுத்தினா தோல் வழியாவே உள்ள போயிரும். வாயில கொடுத்தத எல்லாம் கேட்டேன், மேல சுத்துனத ஒரு நாளும் கேக்கல. போன தடவையும் இந்த வாசனை வந்துச்சு, வீட்டு வாசனைன்னு விட்டுட்டேன். மடையன் நான், மடையன்."

மச்சானுக்கு விளங்கவில்லை. "கடையில வேல பாத்த எல்லார் வீட்டுலயும் இதே உருண்டைதாங்க. ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகலயே."

"அவங்க ரத்தம் வேற. உன் ரத்தமும் உன் தங்கச்சி பெத்த பையன் ரத்தமும் ஒண்ணு. வளந்த உடம்பு நீ, உருண்டையத் தாங்கிட்ட. உனக்கு அந்த மாத்திரை என்ன பண்ணிச்சோ, அதத்தான் பிள்ளைங்களுக்கு இந்தத் துணி பண்ணியிருக்கு."

மச்சான் பெட்டியைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருத்துவச்சி உள்ளேயிருந்து துணி கேட்டாள். மறுபடியும் கேட்டாள். எங்கள் வீட்டில் வேறு துணி இல்லை. பிரசவத்துக்கென்று அலமேலு எடுத்து வைத்திருந்த பழைய சேலைகளும் அண்ணன் கொடுத்த உருண்டை போட்ட பெட்டியில்தான் இருந்தன. நான் கட்டியிருந்தது அரிசிச் சாக்கில் தைத்த கால்சட்டை. துவைத்துக் காயவைக்கலாம் என்றால் வெயில் இல்லை, நேரமும் இல்லை. டாக்டர் தன் கோட்டைக் கழற்றப் போனார். அது ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கப் போட்டிருந்த கோட்டு, அதில் என்னென்ன மருந்து பட்டிருக்குமோ என்று அவருக்கே சந்தேகம் வந்து கையை எடுத்துவிட்டார்.

மச்சான் தன் இடுப்பில் இருந்த வேட்டியை அவிழ்த்தார். அது அவர் மாதக்கணக்கில் மாற்றாமல் கட்டித் துவைத்து, துவைத்துக் கட்டி வந்த ஒற்றை வேட்டி. மழையில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. டாக்டர் அதை வாங்கி முகர்ந்தார். வேர்வையும் மழையும்தான். "இது சரி" என்றார். நான் அதை அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்தேன். புகை ஏறாமல் இருக்க டாக்டர் விசிறிக்கொண்டே நின்றார். மச்சான் கோவணத்துடன் மூலையில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். துணி ஓரங்கள் இன்னும் ஈரமாக இருக்கும்போதே பையன் பிறந்துவிட்டான்.

6

அடுத்த ஒரு வாரம் நான் மனுஷனாக இல்லை. காவல்காரனுக்குக் குனிய மறந்து மறுபடியும் அறை வாங்கினேன். கன்னம் எரிந்தது தெரியவில்லை. பையனுக்கு மஞ்சள் வந்தது. அதைப் பார்த்ததும் அலமேலு மார்பில் அடித்துக்கொண்டாள். டாக்டர் தினமும் வாசலருகே வெளிச்சத்தில் குழந்தையைப் பிடித்துத் தோலை விரலால் அழுத்திப் பார்ப்பார். மூத்திரத் துணியைப் பார்ப்பார். அது வெறும் மஞ்சளாகவே இருந்தது, கறுக்கவில்லை. பிறகு கண் வெளுத்தது. பையன் பசிக்கு அழ ஆரம்பித்தான். முரட்டுத்தனமாக அழுதான். டாக்டர் எங்கள் முன்கூடத்துத் தரையில் உட்கார்ந்து, தோள் குலுங்க அழுதார்.

அலமேலுவுக்கு அதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் முட்டாள் இல்லை. பெட்டி கேட்பாரற்று வெளியே மழையில் கிடப்பதையும், அண்ணன் சாக்கைச் சுற்றிக்கொண்டு அலைவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அன்று டாக்டரை நேராகக் கேட்டாள்.

"மத்தது ரெண்டையும் நான்தான சுத்தினேன்? காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், எங்கையால. வாசனையா இருக்குன்னு மூஞ்சி வரைக்கும் இழுத்துப் போத்துனேன். நான்தான?"

டாக்டர் பதில் சொல்வதற்குள் மச்சான் குறுக்கே விழுந்தார். "நீ இல்ல ஆத்தா. வேட்டி என்னுது, உருண்டை என்னுது. நாந்தான் கொண்டுவந்தேன்."

"நீங்க கொண்டுவந்தா? சுத்துனது யாரு?"

"நான் கொண்டாராட்டி நீ எங்கேருந்து சுத்துவ?"

அண்ணனும் தங்கையும் அந்தப் பழியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்டார்கள். ஊரில் பாகப் பிரிவினைக்குச் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றுக்குச் சண்டை போட்டதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. டாக்டர் எழுந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். "துணி மட்டும் கொல்லல, ரத்தம் மட்டும் கொல்லல. ரெண்டும் சந்திச்சிருச்சு. இது யாருக்கும் தெரியாதும்மா. எனக்கே தெரியலயே" என்றார். அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் மச்சான் தங்கையின் முன்னால் உட்கார்ந்து, "இனிமே இந்தப் பேச்சு எடுக்காத. எடுத்தா நான் இருக்க மாட்டேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள். அலமேலு வாயை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன்.

பையனுக்குச் சேது என்று பெயர் வைத்தோம். சண்டை முடிந்து வள்ளி பிறந்தாள். டாக்டர் ஊருக்குத் திரும்பிப் போனார். அந்த ரத்தத்தில் குறைவது எது என்று வெளிநாட்டில் கண்டுபிடித்துப் பெயர் வைத்தபோது அவர் உயிருடன் இல்லை. சேது சிங்கப்பூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். அவன் பிள்ளைகளுக்கு என் தமிழ் புரியாது, அவர்கள் ஆங்கிலம் எனக்குப் பிடிபடாது. ஜப்பான் காலத்தைப் பற்றிச் சொன்னால், அது பரீட்சைக்கு வருமா தாத்தா என்று கேட்கிறார்கள். சில வருஷத்துக்கு முன்னால் சேது காய்ச்சலில் படுத்தபோது அங்கே ரத்தம் பார்த்தார்கள். போனில் சொன்னான்: "ஏதோ ஜி சிக்ஸ் பிடி டெஃபிஷியன்சியாம்பா. சீரியஸ் இல்ல. சில மருந்து சாப்பிடக் கூடாதாம்." நான் சரிப்பா என்றேன். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதுவரை ஒரு ஓரத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. சேதுவுக்கு அந்த ரத்தம் இல்லாமல் இருந்திருக்கலாம், துணிக்கும் பிள்ளைகள் போனதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். அந்தச் சந்தேகத்தில்தான் இத்தனை வருஷம் தூங்கியிருக்கிறேன். அவனுக்கும் அது இருக்கிறது. அந்த வேட்டியைச் சுற்றியிருந்தால் அவனும் போயிருப்பான்.

மச்சான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலமானார். அவர் இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

7

வள்ளியையும் குழந்தையையும் செனாயில் அவள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அலமேலு வந்ததும் வராததுமாக அலமாரிகளைத் திறந்து ஒவ்வொரு துணியாக எடுத்து முகர ஆரம்பித்தாள். குளியலறையில் தொங்கிய வாசனைக் கட்டியைக்கூட எடுத்து வெளியே எறிந்தாள். வள்ளி சோபாவில் சாய்ந்தபடி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நூறு பேரை மேய்க்கிறவள், எதற்கும் பதற மாட்டாள்.

"அலமாக், அம்மா! ஒரு உருண்டைக்கு இவ்ளோ டென்ஷனா? நர்ஸ்தான் சொன்னாங்களே, பயப்பட ஒண்ணும் இல்லன்னு. அப்பா முகத்தப் பாருங்க, பேயடிச்ச மாதிரி."

அலமேலு கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"ஒனக்கு ரெண்டு அண்ணன் இருந்தாங்க" என்றாள்.

"சேது அண்ணன் ஒருத்தர்தான?"

"சேதுக்கு முன்னாடி."

வள்ளியின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அலமேலு அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. அண்ணன் பெட்டியில் கொட்டிய உருண்டையை, எண்ணெய் தேய்த்ததை, போர்த்தியதை, மஞ்சளை, டாக்டர் வேட்டியை முகர்ந்ததை, சாப்பாடு விவரம் சொல்வதுபோல் ஒன்று விடாமல் சொன்னாள். அவள் இவ்வளவையும் இத்தனை தெளிவாக வைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. வள்ளி குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வாய் திறந்தபடி கேட்டாள்.

கேட்டு முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அவங்க பேரு என்னம்மா?"

நான் முந்திக்கொண்டேன். "பேர் வைக்கலம்மா. பேர் வைக்கிற நாள் வரைக்கும் ரெண்டு பேருமே..."

"பெரியவன் சொக்கலிங்கம்" என்றாள் அலமேலு. "சின்னவன் பழனியப்பன்."

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஒரே வீட்டில், ஒரே பாயில் இருந்திருக்கிறோம். என் பிள்ளைகளின் பெயரை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"எப்ப வெச்ச?" என்றேன்.

"நீங்க ஒவ்வொருத்தனையா புதைக்கத் தூக்கிட்டுப் போனீங்கள்ல, அதுக்கு முன்னால" என்றாள். "காதுல சொல்லித்தான் குடுத்தேன்."